கலவரம், ஊரடங்கு, தட்டுப்பாடு: ஒரு வீடு இரண்டு வாரம் வாசலைத் தாண்டாமல் இருக்க என்ன வேண்டும்?

கேட்கப்பட்டது இது: நான்கு பேர் உள்ள ஒரு வீடு. ஊரில் கலவரமோ, நீண்ட ஊரடங்கோ, கடைகளில் திடீர்த் தட்டுப்பாடோ வந்தால் சமாளிக்க எதை, எவ்வளவு வைத்திருக்க வேண்டும்? எங்கிருந்து தொடங்குவது?

எதற்காகச் சேமிக்கிறோம் என்பதை முதலில் பேசிவிடுவோம். கலவரக் காலத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆபத்து பெரும்பாலும் ஏதோ ஒன்று தீர்ந்துபோய், அதை வாங்க ஒருவர் வெளியே கிளம்பும்போதுதான் வருகிறது. சரயேவோ முற்றுகையில் 1992 மே 27 அன்று குண்டு விழுந்தது ரொட்டிக்காக வரிசையில் நின்றவர்கள் மேல். 2022இல் இலங்கையில் எரிபொருள் வரிசையில் மணிக்கணக்காக நின்ற முதியவர்கள் அங்கேயே விழுந்து இறந்தார்கள். ஆகவே வாங்கி வைக்கும் ஒவ்வொரு பொருளையும் ஒரே கேள்வியால் அளந்து பாருங்கள்: இது கையில் இருந்தால் தவறான நேரத்தில் வெளியே போவது ஒரு தடவையாவது குறையுமா? குறையும் என்றால் வாங்குங்கள். விலை உயர்ந்த கத்தி, ராணுவப் பை, வெளிநாட்டு உலர் உணவுப் பொட்டலம் எல்லாம் இந்தக் கேள்வியில் தோற்றுவிடும். பாட்டிக்கு ஒரு மாத ரத்த அழுத்த மாத்திரை ஜெயித்துவிடும்.

எத்தனை நாளுக்கு? ஐரோப்பிய ஒன்றியம் 2025 மார்ச்சில் தன் மக்களை 72 மணி நேரத்துக்குத் தயாராக இருக்கச் சொன்னது. ஸ்வீடன் வீடுவீடாக அனுப்பிய கையேட்டில் ஒரு வாரம் என்கிறது. ஜெர்மனியின் பேரிடர் உதவித் துறை பத்து நாளை இலக்காக வைக்கிறது. மூன்று நாள் என்பது குறைந்தபட்சம் மட்டுமே. தெரு அடங்க மூன்று நாள் ஆனாலும், லாரிகள் மறுபடி ஓடி, மொத்த வியாபாரி கடை திறந்து, சில்லறைக் கடைக்குச் சரக்கு வந்துசேர மேலும் ஒரு வாரம் போய்விடும். அதனால் முதலில் மூன்று நாள், அடுத்து ஒரு வாரம், பிறகு இரண்டு வாரம் என்று படிப்படியாக ஏற்றுங்கள். கீழே உள்ள கணக்கெல்லாம் நான்கு பேருக்கு இரண்டு வாரம் என்று வைத்துச் சொல்வது.

இதை அமைதியான காலத்தில் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை கடைக்குப் போகும்போதும் ஏதாவது ஒன்றைக் கூடுதலாக எடுத்து வாருங்கள். மூன்று நான்கு மாதத்தில் இரண்டு வார இருப்பு சேர்ந்துவிடும், கையையும் கடிக்காது. பதற்றம் தொடங்கிய பிறகு போய் அள்ளுவது வேறு விஷயம். அன்றைக்கு நீங்கள் எடுக்கும் ஐந்தாவது மூட்டை, அன்றாடக் கூலியில் வாழும் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய ஒரே மூட்டையாக இருக்கலாம். பல நாடுகளில் நெருக்கடிக் காலப் பதுக்கல் தண்டனைக்குரிய குற்றமும்கூட.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். உணவில்லாமல் சில நாள் தள்ளலாம், தண்ணீர் இல்லாமல் முடியாது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் வையுங்கள். வெப்பமான இடத்தில், பால் கொடுக்கும் தாய், காய்ச்சல்காரர் உள்ள வீட்டில் ஐந்து. நான்கு பேருக்கு இரண்டு வாரம் என்றால் 224 லிட்டர். இருபது லிட்டர் கேனில் பன்னிரண்டு. கை கழுவ, பாத்திரம் கழுவ, உடம்பு துடைக்க, கழிப்பறைக்கு என்று சிக்கனமாகப் பார்த்தாலும் ஆளுக்கு ஒரு நாளைக்கு இன்னும் ஆறு லிட்டர், அதாவது இரண்டு வாரத்துக்கு 336 லிட்டர் வேண்டும். இது குடிநீர்த் தரத்தில் இருக்க வேண்டியதில்லை. மேல்நிலைத் தொட்டி இருந்தால் அதுவே போதும்.

அந்தத் தொட்டியில்தான் பலர் ஏமாறுவார்கள். கலவரத்தில் மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. தொட்டி நிறைய இருக்கிறதே என்ற தைரியத்தில் முதல் நாள் எப்போதும்போலக் குழாயைத் திறந்துவிட்டுக் குளிப்பார்கள். இரண்டாம் நாள் மாலை காற்றுதான் வரும். நிலைமை கெடுகிறது என்று தெரிந்த உடனே மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புங்கள். பிறகு தொட்டியிலிருந்து இறங்கும் வால்வை மூடிவிட்டு, காலையில் அன்றைக்கு வேண்டியதை வாளியில் பிடித்துக்கொண்டு மறுபடி மூடுங்கள். குழாய் மூடி வாளியும் குவளையும் என்று மாறினாலே செலவு பெருமளவு குறையும். தெருக் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் முதன்மை வால்வையும் மூடுங்கள். அழுத்தம் குறைந்த குழாய்களுக்குள் சாக்கடை நீர் கசிந்து நுழையும். நல்ல தொட்டி நீரை அது கெடுத்துவிடும்.

குடிநீர்க் கேன்கள் உணவுக்கென்று செய்யப்பட்டவையாக இருக்கட்டும். ரசாயனம் வந்த பழைய டிரம்மை எத்தனை தடவை கழுவினாலும் குடிநீருக்கு வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உறிஞ்சியதைக் கழுவி எடுக்க முடியாது. அதே காரணத்தால் மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, பெயின்ட் பக்கத்திலும் கேனை வைக்கக்கூடாது. வெளிச்சம் படாத இடத்தில் வைத்தால் பாசி பிடிக்காது. ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதை மறக்க வேண்டாம்: 224 லிட்டரை ஒரே மூலையில், அதுவும் மாடியில் பலகைத் தரையில், அடுக்குவது தவறு. சுவரோரமாகப் பரப்பி வையுங்கள். ஒரே பெரிய டிரம்மைவிடப் பல சிறு கேன்கள் நல்லது; ஒன்று ஒழுகினாலும் ஒன்றுதான் போகும், நகர்த்துவதும் எளிது. வீட்டில் பிடித்து வைத்த நீரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இருப்பு தீர்ந்து சந்தேகமான நீரைத்தான் குடிக்க வேண்டும் என்ற நிலை வந்தால் கொதிக்கவைப்பதே மிக நம்பகமானது. நன்றாகத் தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் மூன்று நிமிடம். எரிபொருள் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் குளோரின். வாசனையோ சோப்போ சேர்க்காத சாதாரண பிளீச் திரவம், சோடியம் ஹைப்போகுளோரைட் 5 முதல் 6 சதவீதம் என்று போட்டிருப்பது, லிட்டருக்கு இரண்டு சொட்டு. இருபது லிட்டர் கேனுக்கு 2 மில்லிலிட்டர். ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்தால் தவறாது. கலக்கி முப்பது நிமிடம் விடுங்கள். இலேசாகக் குளோரின் வாசனை வர வேண்டும். வராவிட்டால் இன்னொரு தடவை அதே அளவு விட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். நீர் கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவிட்டு, மடித்த துணியில் வடிகட்டி, பிறகு இரட்டிப்பு அளவு சேர்க்க வேண்டும், ஏனென்றால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். இதில் தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று, பிளீச் தானாகவே வீரியம் இழக்கும். வெயில் படும் அலமாரியில் ஓராண்டு இருந்த பாட்டிலை நம்ப முடியாது, ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வாங்குங்கள். இரண்டு, பிளீச்சோடு வினிகர், கழிப்பறை அமிலம், அம்மோனியா உள்ள துப்புரவுத் திரவம் எதுவும் சேரக்கூடாது. சேர்ந்தால் வருவது விஷவாயு. பெட்ரோல், பூச்சிமருந்து கலந்த நீரைக் கொதிக்கவைத்தாலும் குளோரின் போட்டாலும் சரியாகாது.

கொதிக்கவைக்கவும் வழியில்லை, குளோரினும் இல்லையென்றால், தெளிந்த நீரை நிறமற்ற பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில்களில் (இரண்டு லிட்டருக்கு மேற்படாதவை) நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்கவையுங்கள். வானம் மேகமூட்டமாக இருந்தால் இரண்டு முழு நாள்.

அடுத்து சாப்பாடு. நெருக்கடிக்கால உணவுத் திட்டங்கள் சராசரியாக ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோ கலோரி என்று கணக்கிடுகின்றன. 400 கிராம் தானியம், 80 கிராம் பருப்பு, 35 கிராம் எண்ணெய், 20 கிராம் சர்க்கரை சேர்ந்தால் ஏறக்குறைய அதை எட்டிவிடும். நான்கு பேர், பதினான்கு நாள் என்றால் தானியம் 22.5 கிலோ, பருப்பும் பயறும் 4.5 கிலோ, எண்ணெய் இரண்டு லிட்டருக்குச் சற்று மேல், சர்க்கரை ஒரு கிலோவுக்குச் சற்று மேல், உப்பு அரைக் கிலோ. ஒரு அலமாரியின் கீழ்த்தட்டு போதும்! இதற்கு மேல் சேர்ப்பது சுவைக்கும் சத்துக்கும்: பால் பவுடர், நிலக்கடலை, உலர் பழம், டப்பாவில் அடைத்த மீன் அல்லது காய்கறி, மசாலா, புளிப்புக்கு ஏதாவது, தேயிலை அல்லது காபி. தேநீரையும் காபியையும் ஆடம்பரம் என்று ஒதுக்காதீர்கள். ஊர் எரியும் நாளில் வழக்கமான நேரத்தில் ஒரு சூடான டம்ளர் கையில் இருப்பது பெரியவர்களை நிதானமாக வைக்கும். பெரியவர்கள் நிதானமாக இருந்தால் பிள்ளைகள் நிதானமாக இருப்பார்கள்.

வீட்டில் வழக்கமாகச் சாப்பிடாத எதையும் வாங்கி அடுக்காதீர்கள். பிள்ளைகள் தொடமாட்டார்கள், வயிறும் ஒத்துக்கொள்ளாது, தேதி முடிந்து குப்பைக்குப் போகும். புதிதாக வாங்கியது பின்னால், பழையது முன்னால், டப்பா மேல் வாங்கிய மாதம் என்ற ஒழுங்கில் அன்றாடச் சமையலே இருப்பைச் சுழற்றிவிடும். தானியம் வாங்கியதும் வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். மூடிய டப்பாவில் வண்டு எங்கிருந்து வந்தது என்று பலர் வியப்பார்கள். முட்டை மணிக்குள்ளேயே இருந்ததுதான். ஃப்ரீசரில் இடமிருந்தால் சிறு பைகளாக நான்கைந்து நாள் மைனஸ் 18 பாகையில் வைத்து எடுத்தால் முட்டையும் செத்துவிடும். தீட்டாத அரிசியும் முழுத்தானிய மாவும் எண்ணெய்ப்பசை உள்ளவை, சில மாதத்தில் சிக்கு வாடை வந்துவிடும். இருப்புக்குத் தீட்டிய தானியமே சரி. பருப்பும் பயறும் இரண்டு மூன்று வருடம் கிடந்தால் கெட்டுப்போகாது, ஆனால் எவ்வளவு வேகவைத்தாலும் குழையாது. எரிபொருள் தட்டுப்பாட்டில் அது பெரிய தண்டனை.

எரிபொருள் கணக்கைப் பலர் போடுவதே இல்லை. மூட்டை மூட்டையாகத் தானியம் இருந்து அடுப்பு இல்லையென்றால் என்ன செய்வது? சிலிண்டரை மாட்டும்போது அதன்மேல் சாக்பீஸால் தேதி எழுதுங்கள், தீரும்போது பாருங்கள். உங்கள் வீட்டுக்கு ஒரு சிலிண்டர் எத்தனை நாள் என்பது இரண்டு தடவையில் தெரிந்துவிடும். மாற்றுச் சிலிண்டர் எப்போதும் நிரம்பியே இருக்கட்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். ஆகவே நிலவறையிலோ படுக்கையறையிலோ வைக்கக்கூடாது, நிமிர்த்தியே வைக்க வேண்டும். மின்னடுப்பை மட்டும் நம்பும் வீட்டில் இரண்டாவதாக வேறு எரிபொருளில் ஓடும் சிறு அடுப்பு அவசியம்.

வாயுவை மிச்சம் பிடிக்கச் சிறந்த வழி, கம்பளிக்குள் வேகவைப்பது. பருப்பை இரவே ஊறவையுங்கள். கனமான பாத்திரத்தில் பதினைந்து இருபது நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியைத் திறக்காமல் அப்படியே தடித்த கம்பளி இரண்டில் சுற்றி, தலையணைகள் அடைத்த அட்டைப்பெட்டிக்குள் இறக்கிவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் வெந்திருக்கும். அரிசிக்கு ஐந்து நிமிடக் கொதி, ஒரு மணி நேரம் பெட்டியில். பாத்திரம் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும். பாதிப் பாத்திரம் சூட்டைத் தாங்காது. சாப்பிடும் முன் தொட்டால் சுட வேண்டும், வெதுவெதுப்பாகிவிட்டிருந்தால் மறுபடி கொதிக்கவைத்தே பரிமாறுங்கள். ராஜ்மா என்கிற சிவப்புச் சிறுநீரக வடிவப் பயறை மட்டும் இந்த முறையில் சமைக்கக்கூடாது. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு அரைகுறைச் சூட்டில் அழியாது, கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரை மணி நேரம் முழுக் கொதியில் வேகவைத்த பிறகே எதுவும்.

கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள், பால்கனியில், படிக்கட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். வெளியே சத்தம், கண்ணீர்ப்புகை என்று கதவு சன்னலை அடைத்திருக்கும் நாள் அது; கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கம் என்று வந்து, எழுந்திருக்காமலே போய்விடுவார்கள். ஜெனரேட்டர் வீட்டுச் சுவரிலிருந்தும் சன்னலிலிருந்தும் ஆறு மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். அதைச் சுவர் பிளக்கில் சொருகி வீட்டுக்கே மின்சாரம் கொடுக்கும் வித்தையும் வேண்டாம். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் அதனால் சாகக்கூடும்.

மின்சாரத்தில் எல்லாவற்றையும் ஓட்ட முயல வேண்டாம். வெளிச்சம், கைபேசி, ஒரு விசிறி என்று சுருக்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் 1,800 வாட்-மணி என்று கணக்கு வந்தாலும், பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் கெடும். இழப்பும் போக 750 வாட்-மணி கையில் நிற்கும் என்று வையுங்கள். 70 வாட் விசிறியும் ஒன்பது வாட் பல்பு இரண்டும் ஓடினால் எட்டு மணி நேரம். அதே விசிறி 30 வாட் எடுக்கும் புது வகையாக இருந்தால் பதினைந்து மணி நேரம்! இரண்டாவது பேட்டரி வாங்குவதைவிட விசிறியை மாற்றுவது மலிவு. பவர் பேங்க் 20,000 என்று போட்டிருந்தால் உண்மையில் போனுக்குப் போய்ச் சேருவது 12,000, 13,000 மில்லி ஆம்பியர்-மணிதான். 5,000 பேட்டரி போனை இரண்டரை முறை ஏற்றலாம். மெழுகுவத்தி வேண்டாம், எல்.இ.டி. விளக்கு போதும். தீயணைப்பு வண்டி தெருவுக்குள் வர முடியாத நாளில் திறந்த சுடர் எதற்கு?

மின்சாரம் போனால் குளிர்பதனப் பெட்டியைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24. காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை இப்போதே உறையவைத்து அடைத்துவிடுங்கள். குளிர் நீடிக்கும், உருகினால் குடிநீர். கெடக்கூடியதை முதலில் சமைத்துச் சாப்பிட்டு, பிறகு உலர் இருப்பில் கை வையுங்கள்.

மருந்து விஷயத்தில் தாமதம் வேண்டாம். தினமும் சாப்பிட வேண்டிய மருந்து எதுவாக இருந்தாலும் முப்பது நாள் இருப்பு எப்போதும் கையில் இருக்க வேண்டும். பாதி காலியானதும் அடுத்ததை வாங்குவது பழக்கமாகட்டும். வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, சில இதய மருந்துகள் சட்டென்று நின்றாலே ஆபத்து. மருத்துவரிடம் காரணத்தைச் சொல்லிக் கூடுதல் நாளுக்கு எழுதி வாங்குங்கள். சீட்டின் நகல் ஒன்றை அவசரப் பையில் போடுங்கள். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகையில் இருக்க வேண்டும், பிரித்தது அறை வெப்பத்தில் பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும். உங்கள் வகைக்கான நாளைப் பெட்டிக்குள் உள்ள தாளில் பாருங்கள். மின்சாரம் இல்லையென்றால் ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் உலர்ந்த டப்பாவில் வைக்கலாம். பனிக்கட்டியோடு ஒட்டி வைத்து உறைந்துபோனால் அந்த இன்சுலின் பயன்படாது, உருகினாலும்.

டயாலிசிஸ், ஆக்சிஜன் கருவி, நிறைமாதக் கர்ப்பம் உள்ள வீடு மற்ற வீடுகளைப் போலக் காத்திருக்கக்கூடாது. ஊரடங்கு வரும் என்ற பேச்சு எழும்போதே மருத்துவமனைக்கு அருகில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு அந்த நோயாளியையோ கர்ப்பிணியையோ நகர்த்திவிடுவதுதான் சரி. ஊரடங்கில் நகர அனுமதிக்கும் மருத்துவக் கடிதம் ஒன்றும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பத்துப் பொட்டலமாவது இருக்கட்டும். இல்லாதபோது: ஒரு லிட்டர் சுத்தமான நீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கூட்டினால் குழந்தைக்கு ஆபத்து. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பயத்தினால் பால் பவுடருக்கு மாறாதீர்கள். அதற்கு வேண்டிய சுத்தமான நீரும் கொதிநீரும் கிடைக்காத நேரம் இது. ரத்தப்போக்குக்குத் தடித்த பருத்திப் பட்டைகளும் நீளமான கட்டுத்துணியும் நிறைய வேண்டும். காயத்தின் மேல் கையால் அழுத்திப் பத்து நிமிடம் எடுக்காமல் வைத்திருங்கள்; நின்றதா என்று நடுநடுவே தூக்கிப் பார்ப்பதால்தான் ரத்தம் மறுபடி வரும்.

கழிப்பறை ஓடாவிட்டால், இறுக்கமான மூடி உள்ள வாளியில் இரட்டைப் பை போட்டு, ஒவ்வொரு தடவையும் சாம்பலோ மரத்தூளோ தூவி மூடுங்கள். சிறுநீரைத் தனியாகப் பிரித்தால் நாற்றம் வெகுவாகக் குறையும். சோப்பு ஆளுக்கு மாதம் கால் கிலோ, மாதவிடாய்த் துணி அல்லது பட்டை இரண்டு சுழற்சிக்கு. கை கழுவ, குழாய் வைத்த சிறு கேன். ஒரு பாத்திரத்தில் எல்லாரும் கை முக்கினால் ஒருவரின் நோய் எல்லோருக்கும்.

பணம்: கார்டும் கைபேசிப் பணமும் இணையத்தோடு சேர்ந்து விழும். இரண்டு வாரச் செலவுக்குப் பணத்தாள்கள், பெரும்பகுதி சிறிய மதிப்பில். சில்லறை இல்லாத நாளில் பெரிய தாளைக் கொடுத்தால் மீதி வராது. இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள்.

தகவல் தொடர்பு அடைக்கப்படும் என்றே வைத்துத் திட்டமிடுங்கள். கலவரத்தில் இணையத்தை அரசே நிறுத்துவது பல நாடுகளில் வழக்கம். பேட்டரியில் ஓடும் வானொலிப் பெட்டி, கூடுதல் பேட்டரிகள், போனில் இணையமின்றித் திறக்கும் வரைபடம், தாளில் எழுதிய பத்துத் தொலைபேசி எண்கள் வேண்டும். அழைப்பு போகாத நெரிசலிலும் குறுஞ்செய்தி சில சமயம் போய்ச் சேரும். வேறு ஊரில் உள்ள ஒரு உறவினரை நடுவராக வைத்துக்கொள்ளுங்கள்: ஆளுக்கு ஆள் தேடாமல் எல்லோரும் அவருக்கு ஒரு வரி அனுப்பினால் போதும். பள்ளியிலிருந்து பிள்ளையை யார் அழைத்து வருவது, அவர் போக முடியாவிட்டால் யார், வீட்டுக்கு வர முடியாவிட்டால் எந்த வீட்டில் சேர்வது என்பதை இன்றே முடிவு செய்து பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள். புரளியை அனுப்பாதீர்கள். "தண்ணீரில் விஷம்", "அந்தத் தெருவில் வெட்டுகிறார்கள்" என்று வருவதை நேரில் பார்த்த ஒருவர் உறுதிசெய்யாமல் பகிர்ந்தால், அதுவே அடுத்த தெருவில் ஒரு உயிரை எடுக்கக்கூடும்.

வீட்டைப் பொறுத்தவரை கல்லைவிடத் தீயே பெரிய பகை. வாசலுக்கும் சன்னலுக்கும் பக்கத்தில் உள்ள பழைய தாள், அட்டை, மரச்சாமான்களை உள்ளே எடுங்கள். இரு சக்கர வண்டியைக் கதவை ஒட்டி நிறுத்தினால், அது எரியும்போது நீங்கள் வெளியேறும் வழியும் எரியும். எல்லாச் சன்னலிலும் நிரந்தரக் கம்பி இருந்தால் ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கும் பூட்டுக் கம்பியாக மாற்றுங்கள். சாவி அதன் பக்கத்திலேயே, இருட்டிலும் கைக்கு எட்டுமாறு தொங்கட்டும். நான்கு கிலோ ஏ.பி.சி. (உலர்பொடி) தீயணைப்பான் ஒன்று வேண்டும், அதன் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இருக்கட்டும். அது சில விநாடிகளில் காலியாகிவிடும். ஆகவே சுடரின் அடியைக் குறிவையுங்கள், அணையாவிட்டால் உடனே வெளியேறுங்கள். புகைக்குள் நடக்காமல் தரையோடு தவழுங்கள். கார் இருந்தால் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேனில் பெட்ரோலை வீட்டுக்குள் சேர்ப்பது கலவரக்காரன் எறிவதற்கு முன்பே நாமே வைத்துக்கொள்ளும் நெருப்பு.

தெருவில் சத்தம் எழுந்தால் எல்லோரும் தெருவைப் பார்க்காத உள்ளறைக்கு. துப்பாக்கிச் சத்தம் என்றால் தரையில் படுத்து, செங்கல் சுவருக்குப் பின்னால். படம் எடுக்கச் சன்னலுக்குப் போகவே கூடாது. கண்ணாடியில் டேப் ஒட்டுவது பயனற்றது, பெரிய துண்டுகளாக விழும். தடித்த திரையை இழுத்துவிட்டாலே சிதறல் குறையும். இரவில் தெருப்பக்க விளக்கு வேண்டாம்.

கண்ணீர்ப்புகை உள்ளே வந்தால் சன்னலை மூடி, ஏ.சி.யையும் காற்றை உள்ளே இழுக்கும் விசிறியையும் நிறுத்தி, கதவின் அடியில் ஈரத்துணி வையுங்கள். கண்ணைத் தேய்க்காமல் சுத்தமான நீரால் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கைகளைக் கழுவிவிட்டு எடுத்துவிடுங்கள். சட்டையைத் தலைவழியே கழற்றாமல் வெட்டி எடுத்துப் பையில் கட்டுங்கள், உடம்பை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய், களிம்பு எதுவும் பூச வேண்டாம். அவை புகையின் ரசாயனத் துகளைத் தோலோடு பிடித்துவைக்கும்.

போவதா இருப்பதா என்ற முடிவைப் பயத்தின் நடுவில் எடுக்காதீர்கள், இப்போதே தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் இருப்பதே பாதுகாப்பு. ஆனால் பக்கத்துக் கட்டடம் எரிகிறது, உங்கள் குடும்பமோ சமூகமோ பெயர் சொல்லிக் குறிவைக்கப்படுகிறது, குடிநீர் இரண்டு நாளுக்கு மட்டுமே மீதி என்ற மூன்றில் ஒன்று நடந்தால் கிளம்புவது என்று முடிவிருக்கட்டும். குறிவைக்கப்படும் குடும்பம் முதல் மிரட்டலிலேயே கிளம்புவது நல்லது. சாலை மறித்த பிறகு பொருளும் போகாது, ஆளும் போக முடியாது. அதிகாலையே பெரும்பாலும் அமைதியான நேரம். இரண்டு பாதைகளைத் தெரிந்துவையுங்கள். கூட்டம் எதிர்ப்பட்டால் ஊடே ஓட்டாமல் திரும்புங்கள். பையில் அடையாள ஆவணங்களும் வீட்டுப் பத்திரங்களின் நகலும் நீர் புகாத உறையில், ஒரு வார மருந்து, ஆளுக்கு இரண்டு லிட்டர் நீர், சமைக்காமல் உண்ணும் உணவு, பணம், சார்ஜர், டார்ச், ஒரு மாற்றுடை. தூக்குபவரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் ஒரு கிலோமீட்டரிலேயே வழியில் போட்டுவிடுவார்.

அக்கம்பக்கத்தாரிடம் எவ்வளவு சொல்வது? இருப்பைத் தெருவெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மறைத்து வைத்துத் தனியே பிழைக்கலாம் என்ற யோசனை நடைமுறைக்கு ஒவ்வாதது. தனியாக இருக்கும் முதியவர் யார், செவிலியர் யார், எலக்ட்ரீஷியன் யார், யார் வீட்டில் கிணறு இருக்கிறது என்று பத்து வீடுகளுக்குத் தெரிந்திருந்தால், ஒருவர் கடைக்குப் போய் பத்து வீட்டுக்கு வாங்கி வரலாம். ஒன்பது பேர் வெளியே போக வேண்டாம். இப்படிப் பகிர்வதற்காகவே கணக்குக்கு மேல் ஐந்து கிலோ தானியம் கூடுதலாக வையுங்கள். வெவ்வேறு மதம், மொழி, சாதி சேர்ந்து வாழும் தெருவில் இந்தப் பழக்கம் அமைதிக் காலத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். கும்பல் வெளியிலிருந்து வரும்போது "இது யார் வீடு" என்ற கேள்விக்குத் தெருவே வாயைத் திறக்காமல் நிற்கும்.

எல்லாம் சேர்ந்த பிறகு ஒரு விடுமுறை நாள் ஒத்திகை பாருங்கள். காலை ஆறு மணிக்கு மெயின் சுவிட்சையும் தண்ணீர் வால்வையும் இணையத்தையும் மூடிவிட்டு மறுநாள் காலை ஆறு வரை இருப்பதை மட்டும் வைத்து வாழ்ந்து பாருங்கள். டப்பா திறப்பான் இல்லை, டார்ச் பேட்டரி கசிந்திருக்கிறது, கழிப்பறைக்கு நினைத்ததைவிட இருமடங்கு நீர் போகிறது, எண்கள் எல்லாம் போனுக்குள் மட்டும் இருக்கின்றன, தாத்தாவால் இருபது லிட்டர் கேனைச் சாய்க்க முடியவில்லை என்று ஐந்தாறு ஓட்டைகள் அன்றைக்கே தெரியும். அவற்றை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி, அந்த வாரமே சரிசெய்யுங்கள். ஆறு மாதம் கழித்து, கேன் நீரை மாற்றும் அதே நாளில், பிளீச், மருந்து, பேட்டரி, தீயணைப்பானின் முள் எல்லாவற்றையும் பார்த்துத் தேதியை அந்தத் தாளிலேயே எழுதிவிடலாம்.